ஒரே பெஞ்சு

முதல் தடவை எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் அவர் நோயைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. "வெளியில எங்காச்சும் பார்த்துக்கிட்டோம்னா நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க மாட்டேனுங்க. பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயிலு, கல்யாண வீடு, எங்கயா இருந்தாலும் சரி. நீங்களா வந்து பேசினா பேசுவேன். பேசாமப் போனா மனசுல வெச்சுக்க மாட்டேன்." இதுதான் முதல் பேச்சு. அதுவரை தரையையோ தன் கால் கட்டைவிரலையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பார்கள். 2003 முதல் 2021 வரை பதினெட்டு ஆண்டுகள், நாமக்கல் வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருந்தவர் அவர்.

இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் கிடையாது. அவரே கேட்டுக்கொண்டது. "என் பேரைப் போட்டா ஊரு தெரியும். ஊரு தெரிஞ்சா எந்த வருசம்னு பார்ப்பாங்க. அப்புறம் அங்க யாரு யாரு வந்து போனாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க." அதனால் ஊர், உறவுமுறை, பிள்ளைகளின் வயது என்று ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாமே இங்கே மாற்றப்பட்டிருக்கின்றன. வேலையை விட்ட பிறகும் அவர் விடாமல் வைத்திருக்கும் பழக்கம் இது.

பிறந்தது விசைத்தறி ஓடும் வீட்டில். முன் கூடத்தில் நான்கு தறி, பின்னால் ஓர் அறையில் ஆறு பேர் குடித்தனம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் விழாது; வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் பெரியவர்கள் முக்கியமான விஷயங்களைத் தறிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவார்களாம். கடன், வரன், சண்டை எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய்விடும். சுவரே இல்லாத வீட்டில் ரகசியத்துக்கு ஓர் அறை இருந்தது என்று அவர் சொல்வது இதைத்தான்.

அம்மாவின் தம்பி லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப மாதம் ஒன்றாகும். வரும்போதெல்லாம் அக்கா மகளுக்கு ஏதாவது வாங்கி வருவார். 1997-ல் அவர் இளைத்துப்போய் வந்தார். காய்ச்சல் விடவில்லை. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோது, கூட்டம் நிறைந்த தாழ்வாரத்தில் ஓர் ஊழியர் கையில் தாளை வைத்துக்கொண்டு மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நோயின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, "இந்த ஆளு யாருப்பா?" என்று கேட்டார். அதே தாழ்வாரத்தில் அவர்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் தனி டம்ளர். முடி வெட்டுகிறவர் கடையை மூடிக்கொண்டார். அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனார். மாமாவைத் தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் படுக்க வைத்தார்கள். அவருடைய தட்டைத் தனியாக எடுத்து வைத்தது வேறு யாருமில்லை, அம்மாதான். இதைச் சொல்லும்போது அவர் அம்மாவைக் குற்றம் சொல்வதில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சோறு கொண்டுபோய்க் கொடுத்தது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவர். நான்கு மாதம் இருந்தார் மாமா. ஒருநாள் சொன்னார்: "நோவு கூடப் பரவால்ல கண்ணு. அந்த ஆளு என்ற பேரைச் சொல்லிக் கத்துனான் பாரு, அந்தச் சத்தந்தான் காதை விட்டுப் போவமாட்டேங்குது."

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பதினோரு ஆண்டு வரலாறு இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி, பாலியல் தொழிலாளர்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்தில் ரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறை கூட இல்லை. மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பனிக்கட்டிப் பெட்டியில் போட்டு, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மருத்துவ வரலாற்றில் துணிச்சலான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. நிர்மலாவே பின்னாளில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கேட்காமல் எடுப்பதும், எடுத்ததைப் பொதுவில் சொல்வதும் அன்றைக்குப் பலருக்குத் தவறாகப் படவில்லை. சுனிதி சாலமன் தன் மீதி வாழ்நாள் முழுவதையும் இந்த நோயாளிகளோடு கழித்தார், 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினார், தொற்றுள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துக் கல்யாணம் கூட நடத்தி வைத்தார். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. இவை எதுவும் மாமா படுத்திருந்த அந்தச் சாமான் அறைவரை வந்து சேரவில்லை.

மாமா இறந்த பிறகு அவர் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தார். அங்கே கட்டாயப் பாடமாக இருந்தது ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-ல் எழுதிய 'தி கேஸ்வொர்க் ரிலேஷன்ஷிப்'. இந்தியாவில் சமூகப்பணி படித்த யாரைக் கேட்டாலும் பீஸ்டெக்கின் ஏழு கொள்கைகளை ஒப்பிப்பார்கள். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது என்று போகும் பட்டியலில் ஏழாவது, ரகசியம் காப்பது. பீஸ்டெக் இயேசு சபைப் பாதிரியார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் கேட்டதை வெளியே சொல்லாத மரபிலிருந்து வந்தவர். மற்ற மாணவர்கள் ஏழாவதைப் பரீட்சைக்காகப் படித்தார்கள். இவருக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்வாரம் ஞாபகத்துக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது மையத்துக்குப் பெயர் வி.சி.டி.சி. பிறகு அது ஐ.சி.டி.சி. ஆனது. தமிழில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை வந்தது. அவருடைய பதவிப் பெயர்தான் யாருக்கும் பிடிபடவில்லை. 'கவுன்சிலர்' என்றதும் குடிநீர்க் குழாய்க்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார் ஒரு பாட்டி. அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நகராட்சி அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினார். அரசுக் கடிதங்களில் வரும் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல்லை அவருக்கு மிகவும் பிடிக்கும். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வந்த பாணன் எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி காட்டுவது ஆற்றுப்படை. காட்டுகிறவனும் அதே வழியில் நடந்து வந்தவன்தான். சூட்டை ஆற்றுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எழுதுவதற்கு நல்ல சொல். மருத்துவமனைக்குள் அவர் 'மேடம்'தான்.

முதல் ஆண்டு அவர் செய்ததெல்லாம் வகுப்பெடுப்பது. பயிற்சியில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, வெள்ளணுக்கள் என்ன செய்யும், ஆணுறையை எப்படி அணிய வேண்டும். தொற்று உறுதியான ஒருவரிடம் அரைமணி நேரம் இதையெல்லாம் சொன்னார். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க மேடம். நான் இப்ப பஸ் ஏறி ஊட்டுக்கு எப்புடிங்க போறது?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த பேருந்து வரும்வரை கூட நின்றார்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் இளமையில் ராச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகளுக்கான மையத்தில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். முரட்டுப் பையன் ஒருவனின் தாயிடம் கோளாறு எங்கே இருக்கிறது என்று வாரக்கணக்கில் எடுத்துச் சொல்லிப் பார்த்து, முடியாமல் கைவிட்டார். அந்தத் தாய் வாசல்வரை போய்த் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டு, மறுபடி உட்கார்ந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை ரோஜர்ஸ் அன்று கற்றுக்கொண்டார். பாடப்புத்தகத்தில் படித்தபோது ஏறாத இந்தக் கதை, பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஆலோசகருக்கு ஏறியது.

பிறகு அவருடைய முறை மாறியது. பரிசோதனைக்கு முன்பே கேட்டுவிடுவார்: முடிவு எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? வந்தால் முதலில் யார் முகம் ஞாபகத்துக்கு வரும்? முடிவு வந்ததும் சுற்றி வளைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்வார். மூன்று வெவ்வேறு கருவிகளில் பார்த்து உறுதி செய்த முடிவு அது. மழுப்பினால் பொய்யான ஆசைதான் மிஞ்சும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தை உடைக்கக் கூடாது என்பதைப் பழகிக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது. சிலர் பத்து நிமிடம் பேசமாட்டார்கள். பேசும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு கேள்விதான் வரும்: "எத்தனை நாளைக்குங்க?" அல்லது, "புள்ளைக்கு?" அதற்குப் பிறகு அவர் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இன்றைக்கு ராத்திரி எங்கே சாப்பிடுவீர்கள், வீட்டில் யார் இருப்பார்கள், நாளைக்குக் காலையில் என்ன வேலை. அந்த ஓர் இரவைக் கடந்துவிட்டால் மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ரகசியம் என்பது வாயை மட்டும் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வேலையில் சேர்ந்தார். உள்ளே வந்து பார்த்தால், அது பலகையில் இருந்தது, நாற்காலியில் இருந்தது, ஜன்னலில் இருந்தது. அறையைப் பிரித்திருந்தது ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஆய்வகம். இங்கே அழுதால் அங்கே கேட்கும். வீட்டிலிருந்து ஒரு பழைய மேஜை விசிறியைக் கொண்டுவந்து தடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கடகடவென்று ஓடும். பழுது பார்க்கச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றார். தறிவீட்டில் கற்றது. நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார். பதிவேட்டில் பெயர் ஓரிடத்தில், அடையாள எண் எல்லா இடத்திலும். ரத்தக் குப்பியில் எண்தான் போகும், எண்தான் திரும்பி வரும். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் பதிவேடு இரும்பு பீரோவில். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்.

வாசல் பெஞ்சைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஆட்கள் மரத்தடியிலேயே நின்று, கூட்டம் குறைந்ததும் நழுவி உள்ளே வருவார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும், காசநோயாளிகளுக்கும் பரிசோதனை என்று ஆன பிறகு பெஞ்சின் முகம் மாறியது. வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

2005-ல் அந்த டிரைவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காசநோய்ப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முடிவைச் சொன்னதும் அவர் கேட்டது வழக்கமான இரண்டில் ஒன்று இல்லை. "என்ற ஊட்டுக்காரிக்குச் சொல்லுவீங்களா?"

"நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். அவர் கற்றிருந்ததும் அதைத்தான். அவரைச் சொல்ல வைக்க முயலலாம். அவரை மீறிச் சொல்லக் கூடாது. ஆணுறை பற்றிப் பேசியபோது டிரைவர் தலையை ஆட்டினார். பத்து வருடமாக இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் அவள் என்ன நினைப்பாள்? கடைசியில் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: காசநோய் மருந்து சாப்பிடுவதால் கொஞ்ச நாள் விலகி இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்வது. ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்தோம் என்ற உறுத்தல் அவருக்கு இன்னும் இருக்கிறது. வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், தெரியவில்லை என்கிறார்.

அப்போது காசநோய் மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்கு வந்து, ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு டிரைவர் இவர் அறைக்கு வருவார். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதில் மனைவி இருப்பதாக நினைத்துச் சொல்லிப் பாருங்கள் என்பார் இவர். வண்டியைக் கொண்டு அஸ்ஸாம் வரைக்கும் போய்வந்த மனிதர் அந்த நாற்காலியின் முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். "பாப்பா" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் வராது.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவர் மனைவி தனியாக வந்தார். கையில் தூக்குப்போசி. புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவர், ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடி கேட்டார்: "ஏனுங்க மேடம், அவருக்கு டி.பி. மட்டுந்தானுங்களா?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இந்த ஒரு கேள்விதான் தூக்கத்தில் வரும் என்கிறார் அவர். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் வாக்கு போச்சு. எனக்குத் தெரியாது என்பதும் பொய்தான். எதிரே நிற்பவள் உயிரும் அதில் இருக்கிறது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "அதை அவருகிட்டயே கேளுங்க அம்மிணி. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது. விடாமக் கேளுங்க" என்றார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நீதிமன்றமே தடுமாறிய இடம் இது. நாகாலாந்தைச் சேர்ந்த ஒருவர் சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்தபோது தொற்று தெரியவந்து, செய்தி வெளியே போய், அவருக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. ஊரில் இருக்க முடியாமல் அவர் கோஹிமாவை விட்டுச் சென்னைக்கே வந்துவிட்டார். ரகசியத்தை மீறிவிட்டார்கள் என்று அவர் தொடுத்த வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம், மணக்க இருந்த பெண்ணின் உயிரைக் காக்கும் உரிமை இவருடைய ரகசிய உரிமையைவிடப் பெரியது என்றது. அதோடு நிற்காமல், தொற்றுள்ளவரின் திருமண உரிமையைப் பற்றியும் கருத்துச் சொன்னது. 2002-ல் அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. ஆலோசகர்கள் கையில் தெளிவான சட்டம் வந்ததென்னவோ 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தோடுதான். துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். தானே சொல்லும்படி நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது தெளிவாக வேண்டும். நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மருத்துவரோ ஆலோசகரோ துணைவரை நேரில் உட்கார வைத்து, ஆலோசனையோடு சொல்லலாம். இன்னொரு பக்கமும் அதில் உண்டு: சொன்னால், குறிப்பாகத் தொற்றுள்ளவர் பெண்ணாக இருக்கும்போது, அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால் சொல்லக் கூடாது. அந்தப் பிரிவைப் படித்தபோது, எழுதியவர்களில் யாரோ ஒருவர் தன்னைப் போன்ற அறையில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாராம்.

2005-ல் அது எதுவும் இல்லை. காலி நாற்காலி இருந்தது. எழுபத்தோராவது நாள் டிரைவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முந்தின இரவே சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெண் வாசல்வரை வந்தவர் உள்ளே வர மறுத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. அவர் அறையை விட்டு வெளியே வந்து, அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். ஊசி போட வந்த கர்ப்பிணிகள் வந்து போனார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊருங்க?" சொன்னார். "எம்புட்டுப் படிச்சிருக்கறீங்க?" சொன்னார். "நான் அஞ்சாவதுங்க. அதுக்கு மேல தறிக்கு அனுப்பிட்டாங்க." அதன் பிறகு எழுந்து, உள்ளே வந்து, கையை நீட்டினார்.

தொற்று இருந்தது. மகனுக்கு எட்டு வயது, அவனுக்கு இல்லை.

அந்த எழுபது நாளில் வந்ததா, அதற்கு முந்தின பத்து வருடத்தில் வந்ததா? எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. விலகி இருந்தேன் என்று டிரைவர் சத்தியம் செய்தார். அவர் நம்பினார். நம்பியும், அந்தக் கணக்கை அவர் மூடவில்லை.

தாம்பரத்தில் 2004 ஏப்ரலிலிருந்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். காசநோய்க்காக 1928-ல் தொடங்கிய பழைய சானடோரியம் அது. முதலில் டிரைவரும் பிறகு மனைவியும் இரவுப் பேருந்தில் போய் வந்தார்கள். மருந்து உயிரைக் காத்தது, ரகசியத்தைக் காக்கவில்லை. டப்பாவுக்குள் மாத்திரை குலுங்கும் சத்தம் பேருந்தில் கேட்கக் கூடாதென்று பஞ்சு அடைப்பார்கள். லேபிளைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மருந்து. ராத்திரி வேளைக்கு டி.வி. சீரியல்தான் மணி. அன்றைய மருந்துகளில் ஒன்றான ஸ்டாவுடின் சிலருக்குக் கன்னத்துச் சதையைக் கரைத்துவிடும். டப்பாவை ஒளிக்கலாம், ஒடுங்கிய கன்னத்தை எங்கே ஒளிப்பது? அந்த மருந்தைப் பின்னாளில் கைவிட்டார்கள்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். டிரைவர் வீட்டில், வந்தது யாரென்று மாமியார் கேட்டபோது, அவர் வாயைத் திறக்குமுன் டிரைவரின் மனைவி முந்திக்கொண்டார்: "எங்கூட ஸ்கூல்ல படிச்சவங்க அத்தை." அதிலிருந்து அந்த வீட்டில் அவர் பள்ளித் தோழி.

அவர் கையாலேயே ஒரு ரகசியம் உடைந்ததும் உண்டு. அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். இரண்டு மாதமாக மருந்து வாங்க வராத ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்த குரல் அவருடையது மாதிரியே இருந்தது. "மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன், ஏன் மருந்துக்கு வரவில்லை?" என்றார். எடுத்தவர் தம்பி. எந்த மருத்துவமனை, என்ன மருந்து என்று அவர் கேட்கக் கேட்கத்தான் இவருக்கு விஷயம் உறைத்தது. அந்த ஆள் அதன் பிறகு மையத்துக்கு வரவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் முன்னதாகவே கேட்டு எழுதிக்கொண்டார்: எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் நான் யாராக இருக்க வேண்டும்? பீடிக் கம்பெனி, சீட்டுக்கார அம்மா, மகளிர் குழு. ஒவ்வொருவருக்கும் அவர் ஒவ்வொரு ஆளாக இருந்தார்.

2018 டிசம்பரில் சாத்தூர்ச் செய்தி வந்தது. ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தம் வழியாகத் தொற்று போயிருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும், தானே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் தொற்று தெரிந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று செய்திகள் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன்னை மாய்த்துக்கொண்டார். சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டதும் ரகசியத்தின் பெயரால் நடந்த தவறுதான் என்கிறார் அவர். ரகசியம் என்றால் மூடி வைப்பது மட்டுமில்லை. உரியவரின் கையில், தனியாக, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான். அந்தப் பையன் தன் அறைக்கு வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதை அவர் பலநாள் யோசித்திருக்கிறார். ராத்திரி எங்கே சாப்பிடுவாய், வீட்டில் யார் இருப்பார்கள்.

கேட்டதையெல்லாம் அவர் எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தார்? வீட்டில் கணவரிடம் ஒரு பெயர் சொன்னதில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மற்ற ஆலோசகர்களோடு எண்ணை மட்டும் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். அதுவே பெரிய ஆறுதல். சில நாள் வேலை முடிந்து அம்மா வீட்டுக்குப் போய், தறிக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல் வாய்விட்டுப் பேசிவிட்டு வருவார். அம்மா தூரத்திலிருந்து வாயசைவைப் பார்ப்பார். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதைப் படிக்கத் தெரியாமலா இருக்கும்? ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமாவின் தட்டை மட்டும் அந்த வீட்டில் இன்னும் தேய்த்து வைத்திருக்கிறார்கள்.

2023-ல் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. டிரைவர் இப்போது இல்லை. மகனுக்குக் கல்யாணம். போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தார். போனார். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தார். தன் விதிப்படி யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பட்டுச் சேலையில் அந்தப் பெண் விருந்தாளிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தார். மாத்திரை தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பார்த்ததும் நேராக வந்து கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

"இவங்க ஆரு அத்தை?" என்று புதுப் பெண் கேட்டாள்.

"எங்கூடப் படிச்சவங்க கண்ணு."

"எந்த ஸ்கூலுங்க?"

அவர் திகைத்துப்போய் நிற்க, அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு? ரண்டு பேரும் ஒரே பெஞ்சு" என்று சொல்லி, போட்டோக்காரரைக் கூப்பிட்டு, அவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.